ஒரு அடிகூட அடித்ததில்லை

கீழ் வீட்டுக் கூரை ஒழுகியிருக்காவிட்டால் மேல் வீட்டில் ஒரு குழந்தை இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கீழ் வீட்டுக்காரர் சண்டை போடத்தான் மாடியேறினார். கதவைத் தட்டினார், திட்டினார், மறுபடியும் தட்டினார். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து படியில் வழிந்துகொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிவந்து மாற்றுச்சாவி போட்டுத் திறந்தால், குழாய் திறந்து கிடக்கிறது. அறை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டிலின் மேல் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிதந்துபோகும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தனை தட்டலுக்கும் திட்டலுக்கும் அது வாயைத் திறக்கவில்லை.

"எவ்வளவு சமர்த்துப் பிள்ளை பாருங்க. வேற பிள்ளையா இருந்தா ஊரையே கூட்டியிருக்கும்" என்றார் வீட்டுச் சொந்தக்காரர்.

பிறகு வந்து சேர்ந்தபோது காதில் விழுந்த அந்த வார்த்தையைப் பெரியவள் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நினைத்துப் பார்த்தபோதெல்லாம் ஆத்திரம் வந்தது.

பெரியவள், குழந்தையின் அம்மாவுக்கு அக்கா. ஊரின் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் அனுப்புகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுத்துத் திரும்பும். ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள் உறுமும். இன்னொரு பக்கம் உலர்த்தும் எந்திரங்கள் அனல் கக்கும். நடுவில் ஆள் நீள உருளைகள் சுழலும். ஈர விரிப்பு ஒரு புறம் நுழைந்து மறுபுறம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கிரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி, விலகி மடிக்க வேண்டும். மடிப்புப் பிரிவில் அவள்தான் மூத்தவள். மேஸ்திரியிலிருந்து வண்டி தள்ளுகிறவர்கள் வரை எல்லோருக்கும் 'பெரியக்கா'. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம் என்று பெயர்.

குழந்தையின் அம்மாவான சின்னவள் பார்சல் கிடங்கில் வேலை செய்தாள். உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் வீட்டுச் சொந்தக்காரர் பெரியவளைக் கூப்பிட்டார். அவள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடினாள். குழந்தையின் அப்பன் அது பிறக்கும் முன்பே கழன்றுகொண்டவன். அவனைத் தேடிப் பயனில்லை.

சின்னவள் வேலை முடிந்து வந்தபோது அக்கா தண்ணீரை எல்லாம் வழித்துக் கொட்டிவிட்டு, இடுப்பில் முந்தானையைச் செருகியபடி நின்றாள்.

"என்னடி இது? பச்சைப் பிள்ளையைப் பூட்டி வச்சிட்டா போவ?"

"வேற எங்க வைக்கிறது? ரொட்டி வச்சிட்டுத்தான் போனேன். பால் வச்சிருந்தேன். டிவியப் போட்டுட்டுத்தான் போனேன்."

"தினமுமா?"

"தினமும்தான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டாக்கா. நான் வந்து பாக்கும்போது விட்ட இடத்துலயே இருப்பா."

"விட்ட இடத்துல இருக்க அவ என்ன குடமா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "நான் அவளை ஒரு அடிகூட அடிச்சதில்லக்கா. ஒரு அடிகூட. பக்கத்துல யாரை வேணா கேட்டுக்க."

"கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்."

"சரி" என்றாள் சின்னவள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு சரி. பெரியவளுக்கு அந்தச் சரிதான் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரியவளின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரே மகன் வெளியூரில் வேலையாகிப் போனபிறகு வீட்டில் சத்தம் என்றால் அவருடைய சத்தம்தான். வந்த குழந்தைக்குப் 'பொடிசு' என்று பெயர் வைத்தார். தோளில் தூக்கினார், குதிரை ஆடினார், பஸ் மாதிரி ஹாரன் அடித்துக் காட்டினார். பொடிசு பார்த்தது. அவ்வளவுதான்.

"ஏண்டி, வீட்டுல பிள்ளை இருக்கா இல்ல காலண்டர் தொங்குதா?" என்று சிரித்தார். நாலு நாள் கழித்து அந்தச் சிரிப்பும் நின்றது.

குழந்தை மடியில் ஏறவில்லை. தூக்கினால் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. இறக்கிவிட்ட இடத்தில் நின்றது. சோறு போட்டால் தட்டு காலியாகும்வரை தின்றது, இன்னும் போட்டால் அதையும் தின்றது, பிறகு வாந்தி எடுத்தது. தலையணை உறைக்குள் கையை விட்டால் காய்ந்த ரொட்டித் துண்டும் பாதி முட்டையும் கிடைத்தன. கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தால் எழுந்து, தானே ஒரு மூலையில் போய் நின்றுகொள்ளும். யாரையும் கூப்பிடாது. கூப்பிடுவதற்கு அதனிடம் சொல்லும் இல்லை.

டிரைவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்த ஒரு நாள், வேறு வழியில்லாமல் குழந்தையைச் சலவைக்கூடத்துக்குத் தூக்கிப் போனாள். காலி வண்டி ஒன்றில் விரிப்பைப் போட்டு உட்காரவைத்தாள். மடிப்புப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இது பிள்ளையா பொம்மையா பெரியக்கா? இப்படின்னா எனக்கும் நாலு குடுங்க, வளத்துக்கறேன்" என்றான். அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுமை இரட்டிப்பாக வந்திருந்தது. விரிப்பு மலைபோல் குவிந்துகொண்டே போயிற்று. தேநீர் வேளையில்தான் பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பொடிசு வண்டிக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றது. எடுத்து மறுபடி வண்டியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போதுதான் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உருளைக்குப் போகும் நீராவிக் குழாயைப் பிடித்திருக்கிறது. பெரியவர்களே பட்டால் அலறுகிற சூடு.

"அடிப் பாவி மகளே, எப்பப் பட்டுச்சு? ஏன் அழல? ஏன் என்னக் கூப்பிடல?"

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. பஸ்ஸில் டிக்கெட்டை நீட்டுவது மாதிரி கையை நீட்டியது. பெரியவள் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழ வேண்டியவள் அழாததால் வந்த அழுகை அது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட இளம் டாக்டர், கட்டு முடிந்ததும் அவளை வேறு மாதிரிப் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். அரைநாள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யார் நீ, அம்மா எங்கே, குழாய் எவ்வளவு உயரம், நீ எங்கே நின்றாய், பிள்ளைமேல் உனக்குக் கோபம் வருமா, முன்பு சூடு வைத்திருக்கிறாயா. கடைசியில் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். நரைத்த மீசை, களைத்த கண். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அம்மாகிட்ட இருந்தவரைக்கும் பிள்ளை உடம்புல ஒரு கீறல் இல்ல. எடை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். உங்ககிட்ட வந்து கொஞ்ச நாள்லயே கை வெந்திருக்கு" என்றார் அதிகாரி.

"அதனால?"

"அதனால பிள்ளையை அம்மாகிட்டயே அனுப்பிடறதுதான் பாதுகாப்புன்னு எழுத வேண்டியிருக்கும்."

பெரியவள் எழுந்துவிட்டாள். "பாதுகாப்பா? ஐயா, கை வெந்தா அழணும்கிறதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியல. அது யார் செஞ்சது? நானா? மூணு வருஷம் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி, ஒரு வார்த்தை பேசாம வளத்திருக்கா. அந்தக் காயத்தை நீங்க பாக்கலையா?"

"எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

"காட்டுங்கன்னா..." பெரியவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். காட்ட என்ன இருக்கிறது? சுவரோரம் நிற்கிற குழந்தையைக் காட்டினாள். "இதோ நிக்குதே. இதுக்கு மேல என்ன காட்டணும்?"

"அமைதியான பிள்ளைன்னு எழுதலாம்" என்றார் அதிகாரி.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் படிக்கிற டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். அதிகாரியே அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் சிரிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. தரையில் உட்கார்ந்து ஒரு மரப்பந்தை உருட்டினாள். குழந்தை பந்தைப் பார்த்தது. பந்தை ஒளித்தாள். குழந்தை தேடவில்லை. பெரியவளை வெளியே போகச் சொன்னாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வரச் சொன்னாள். அதற்கும் திரும்பவில்லை. டாக்டரம்மா எழுந்து புடவைக் கொசுவத்தைத் தட்டிக்கொண்டபோது அவள் உதடு இறுகியிருந்தது.

"இது கவனிக்காம விட்டதால வந்ததுதான். எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "நல்லது. இதனால பின்னாடி இன்ன பாதிப்பு வரும், அம்மாகிட்ட அனுப்பினா இவ்வளவு கெடும், இங்க இருந்தா இவ்வளவு சரியாகும்னு உறுதியா எழுதித் தர முடியுமா?"

டாக்டரம்மா மரப்பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியுமா முடியாதா?"

"உறுதியான்னு எழுத முடியாது. அதுக்கு இந்த மாதிரிப் பிள்ளைங்களை வருஷக்கணக்கா கூடவே இருந்து பாத்திருக்கணும். அடிபட்ட பிள்ளைங்களைப் பத்தி நிறையப் பாத்திருக்காங்க. அடிபடாம, சும்மா விடப்பட்ட பிள்ளைங்கதான் அதைவிட ஜாஸ்தி. ஆனா பாத்தவங்க கம்மி. இங்க நம்ம வீடுகள்ல யாருமே பாக்கல."

"அப்ப நான் எதை வச்சு முடிவு பண்றது?" அதிகாரி பேனாவை மூடினார். அடுத்த விசாரணை வரைக்கும் குழந்தை பெரியம்மாவிடம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் பெரியவளின் கோபம் முழுக்க டாக்டரம்மாமேல் திரும்பியது.

"தெரியாதுன்னு சொல்லத்தான் இவ்வளவு படிச்சீங்களா? அந்த ஆளு கேட்டதுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பொய் சொன்னா அடுத்த பிள்ளைக்கு என் வார்த்தை செல்லாதும்மா."

"அப்ப கத்துக்க வேண்டியதுதானே?"

"அதைத்தான் செய்யப் பாக்கறேன். ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கேன். இந்த மாதிரிப் பிள்ளைங்களை வாரம் ஒரு தடவை கூட்டிட்டு வரணும். விளையாட விட்டுப் பாப்போம். எப்படித் தூங்குது, எப்படிப் பேசுது, பயந்தா உடம்புல என்ன நடக்குதுன்னு எச்சில் எடுத்துப் பாப்போம். தலையைப் படம் பிடிப்போம். வலிக்காது. உங்க பொடிசையும் சேக்கலாமா?"

பெரியவள் குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். "என்ன, இவ எலியா?"

"எலியைப் பத்தி எங்களுக்கு நல்லாவே தெரியும். அதான் என் வயித்தெரிச்சல்" என்றாள் டாக்டரம்மா. முதல்தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "தாய் நக்கிக் குடுக்காத எலிக்குட்டி எப்படி வளரும், அதோட மூளை எப்படிப் போகும், அது தாயானா தன் குட்டியை என்ன செய்யும், எல்லாம் விவரமா எழுதி வச்சிருக்காங்க. பிள்ளைங்களைப் பத்திக் கேட்டா, 'அது குடும்ப விஷயம்'ங்கறாங்க."

"இதுல சேந்தா இவ சரியாயிடுவாளா?"

"ஆயிடுவான்னு சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சி, வைத்தியம் எல்லாம் தனியா குடுப்போம், சேந்தாலும் சேரலைன்னாலும். இந்த ஆராய்ச்சியால இவளுக்கு ஒண்ணுமே கிடைக்காமப் போகலாம். பின்னாடி வர்ற பிள்ளைக்குக் கிடைக்கும்."

"பின்னாடி வர்ற பிள்ளைக்கு என் பிள்ளையா கிடைச்சுது?" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் விறுவிறுவென்று வெளியேறினாள்.

வீட்டில் டிரைவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொடிசுக்கு முட்டை உரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா சொல்றதுல எனக்கு ஒண்ணு புரியுதுடி. ஒரு ரூட்டுல பஸ் வரவே வரலைன்னா, கொஞ்ச நாள்ல ஸ்டாப்புல ஆளு நிக்க மாட்டாங்க. நாம இப்ப பஸ்ஸ ஓட்டிட்டுப் போயி ஹாரன் அடிச்சாலும் யாரும் ஏற மாட்டேங்கறாங்க. இவளும் அப்படித்தான். எத்தனை நாள் ஓட்டினா மறுபடி ஆளு வந்து நிப்பாங்க? அதான அந்தம்மா கண்டுபிடிக்கணும்கிறாங்க?"

"அதை எம் பிள்ளையை வச்சுத்தான் கண்டுபிடிக்கணுமா?"

"எல்லாரும் இதே கேள்வியைக் கேட்டா யாரை வச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

பெரியவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். அதிகாரி அவளையும் பார்த்துப் பேசியிருந்தார். டாக்டரம்மாவும் கூப்பிட்டுப் பேசியிருந்தாள், சம்மதம் அம்மாதானே தரவேண்டும். சின்னவள் குழந்தையின் கைக்கட்டைப் பார்த்தாள். தொடவில்லை. குழந்தையும் அம்மாவிடம் போகவில்லை. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த அந்நியர் மாதிரி இருவரும் இருந்தார்கள். பெரியவள் துணி காயப்போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"ஒரு அடிகூட அடிச்சதில்ல, ஒரு அடிகூட அடிச்சதில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. அதை வச்சு உன்னை நல்ல அம்மான்னும் என்னைச் சூடு வச்சவன்னும் எழுதப் பாக்கறாங்க. அடிச்சிருந்தாலாவது தழும்பு இருந்திருக்கும்டி! யாராவது கேட்டிருப்பாங்க!"

சின்னவள் வாளியிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்து நீட்டினாள். பிறகு சாதாரணமாக, கிடங்கில் பார்சல் எண் சொல்கிற குரலில் சொன்னாள்:

"என்னையும் அடிச்சதில்லக்கா."

"என்ன?"

"அம்மா. என்னை ஒரு அடிகூட அடிச்சதில்ல."

பெரியவளின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது. அப்பா செத்தபிறகு அம்மா படுத்தவள்தான், சுவரைப் பார்த்தபடி. பள்ளிக்கூடம் போகிற வயது என்று பெரியவளை அத்தை தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சின்னவள் கைக்குழந்தை. அம்மாவுடனேயே இருந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள், இவ்வளவு அடக்கமான பிள்ளையை நாங்கள் பார்த்ததே இல்லை என்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் அம்மாவை வந்து பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தையை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள்.

"எனக்குப் பசிச்சா நானே எடுத்துத் தின்பேன்" என்றாள் சின்னவள். "விழுந்தா நானே எந்திரிப்பேன். அம்மா திரும்பிக்கூடப் பாக்காது. பிள்ளைன்னா அப்படித்தான் வளரும்னு நினைச்சேன். இவளும் அப்படியே இருந்தா. சரியாத்தான் வளருதுன்னு நினைச்சேன். ஊர்ல மத்த பிள்ளைங்க அழுறதைப் பாத்தா, ஏன் இப்படிச் செல்லம் குடுத்துக் கெடுக்கறாங்கன்னு தோணும். இப்பதான், நீ அன்னிக்கு என்னைத் திட்டினப்பதான், தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு. ஆனா என்ன தப்புன்னு எனக்குப் புரியலக்கா. நிஜமாத்தான் சொல்றேன். பிள்ளை அழும்போது மத்தவங்களுக்கு உள்ள ஏதோ ஆகுமாமே? டாக்டரம்மா கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு ஏன் ஆகல?"

உலகத்திலேயே பெரிய வாய்க்காரியான பெரியவள் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆராய்ச்சில பிள்ளைங்களை மட்டும்தான் பாப்பாங்களா?" என்று கேட்டாள் சின்னவள். "என்னையும் பாப்பாங்களா?"

அடுத்த நாளே மூவரும் போனார்கள். சின்னவள் கேட்டதைக் கேட்டதும் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் ஆராய்ச்சியில் இதுவரை வந்த அம்மாக்கள் எல்லோரும் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர்கள். தானாகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். ஆனால் அவளிடம் நல்ல சேதி இல்லை.

"ஆராய்ச்சியையே நிறுத்தப் போறாங்கம்மா. ஆஸ்பத்திரில அனுமதிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. இது தேவையில்லாத வேலைன்னு நினைக்கறாங்க. இந்த வாரம் கூட்டம். குடும்பங்க யாராவது பேச விரும்பினா வரலாம்னு சொல்லியிருக்காங்க. யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருக்காங்க."

"நாங்க வர்றோம்" என்றாள் பெரியவள்.

கூட்ட அறையில் நீள மேசை. மேசைமேல் வெள்ளை விரிப்பு. தங்கள் கூடத்தில் வெளுத்தது என்று மடிப்பைப் பார்த்தே பெரியவளுக்குத் தெரிந்தது. குழுத் தலைவர் மரியாதையான மனிதர், குழைவான குரல். டாக்டரம்மா பேசி முடித்ததும் அவர் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"டாக்டர், உங்க அக்கறையை மதிக்கறேன். ஆனா தாய்ப்பாசத்தைத் தராசுல வச்சு நிறுக்க முடியுமா? அதெல்லாம் அளக்கற விஷயமா? படமெடுக்கற எந்திரத்தோட நேரம் வீணாகுது. அதோட, வறுமைல இருக்கற தாய்மாரை நீ சரியா வளக்கலைன்னு சொல்றது எவ்வளவு புண்படுத்தும்? நம்ம குடும்பங்கள்ல இதெல்லாம் கிடையாது. நூத்துல ஒரு குடும்பம் எங்கயாவது இருக்கலாம். அதுக்காக..."

"நான்தாங்க அந்தக் குடும்பம்" என்றாள் சின்னவள்.

தலைவர் அவளை யார் என்று தேடிப் பார்த்தார். சின்னவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "எனக்குப் புண்படலீங்க. பிள்ளையைப் பூட்டி வச்சது நான்தான். ஏன் அப்படிச் செய்யத் தோணுச்சுன்னு யாராவது சொன்னா தேவலாம்னு இருக்கு."

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது, ஆனா..."

பெரியவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. டாக்டரம்மாவின் பாஷையெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆராய்ச்சியின் பெயர்கூட நினைவில்லை. எழுந்தாள், மேசைமேல் கையை ஊன்றினாள்.

"அளக்க முடியாது, அளக்க முடியாதுங்கறீங்களே, அளந்து பாத்தீங்களா ஐயா? ஒரு கொப்புளத்துக்கு இதே ஆஸ்பத்திரில என்னை அரைநாள் உக்கார வச்சுக் கேள்வி கேட்டீங்க. கேளுங்க, நல்லாக் கேளுங்க, அது நியாயம்தான். ஆனா மூணு வருஷம் ஒரு பிள்ளை பேச ஆளில்லாம கிடந்திருக்கு, அதைக் கேக்க ஆளில்ல. கேட்டா, 'எங்க காயம், காட்டு'ங்கறீங்க. காட்டறதுக்கு இந்த டாக்டரம்மா வழி தேடினா, 'அதெல்லாம் அளக்க முடியாது'ங்கறீங்க. காட்டவும் கூடாது, தேடவும் கூடாதுன்னா, அந்தப் பிள்ளை என்னதாங்க பண்ணும்? எலிக்குட்டிக்குச் செஞ்ச ஆராய்ச்சியைப் பிள்ளைக்குச் செய்ய எந்திரத்துக்கு நேரமில்லையா? நம்ம குடும்பங்கள்ல கிடையாதாம்! எப்படித் தெரியும்? எந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பாத்தீங்க? சத்தம் போடற பிள்ளையைத் தொந்தரவுங்கறோம். சத்தம் போடாத பிள்ளையைச் சமர்த்துங்கறோம். செத்துக்கிட்டு இருக்கறதைப் பாத்துச் சமர்த்துன்னு கைதட்டறோம் ஐயா! என் தங்கச்சிக்கும் இப்படித்தான் கைதட்டினோம். அன்னிக்கே யாராவது படிச்சுப் பாத்து வச்சிருந்தா, இன்னிக்கு இவ பிள்ளை..."

முடிக்கவில்லை. உட்கார்ந்தாள். மேசை விரிப்பில் அவள் உள்ளங்கை அழுந்திய இடம் கசங்கியிருந்தது.

படத்தில் வருகிற மாதிரி யாரும் எழுந்து நிற்கவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார். குழுவில் இருந்த ஓர் அம்மா மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணிநேரம் வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு முடிவைச் சொன்னார்கள். ஆராய்ச்சி ஒரு வருஷம் நடக்கலாம். படமெடுக்கும் எந்திரம் நோயாளிகளுக்குத் தேவைப்படாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வருஷம் முடிந்ததும் மறுபடி பார்ப்பார்கள்.

"பிச்சை போடற மாதிரில்ல போடறாங்க" என்று பெரியவள் பல்லைக் கடித்தாள்.

"வாங்கிக்குவோம்" என்றாள் டாக்டரம்மா. "ஒரு வருஷத்துல ஏதாவது கண்ணுல படும். பட்டா அப்புறம் அவங்களால மூட முடியாது."

விசாரணை நாளன்று சின்னவள் அதிகாரியிடம் தானே சொல்லிவிட்டாள்: பிள்ளை அக்காவிடமே இருக்கட்டும், எனக்கு இன்னும் வளர்க்கத் தெரியவில்லை, கற்றுக்கொண்டு வருகிறேன். தாயே இப்படிச் சொன்னால் எழுதுவதற்கு அதிகாரிக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். வேலை முடிந்ததும் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்து உட்காருவாள். பொடிசுக்குச் சோறு ஊட்டப் பழகினாள். பாதி நாள் கரண்டி வாய்க்குப் போவதற்குள் அவள் கவனம் எங்கோ போய்விடும். "இங்க பாருடி, பிள்ளை மூக்குக்கா ஊட்டற?" என்று பெரியவள் கத்துவாள். பொடிசு கத்தலைக் கேட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். பேச்சு இன்னும் வரவில்லை. வருமா என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் தினமும் ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் முறை முடிந்ததும் சின்னவளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பொடிசுடன் உட்கார்ந்திருந்த பெரியவளுக்குப் பேச்சுக் கேட்டது. பெயர், வயது, வேலை எல்லாம் ஆயிற்று. பிறகு டாக்டரம்மா கேட்டாள்:

"சின்ன வயசுல உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா, பயமா இருந்தா, யார்கிட்ட போவீங்க?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவளுக்கு எழுந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"இப்படி ஒண்ணை என்னை யாரும் கேட்டதில்லீங்க" என்றாள் சின்னவள்.

"பரவால்ல. மெதுவாச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல ஒரு பீரோ இருந்துச்சு. அதுக்கும் சுவத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கும். காய்ச்சல் வந்தா நான் அங்க போயி..."

அப்படித்தான் தொடங்கியது. பிறகு நிற்கவில்லை. நாளெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், அணை உடைந்த மாதிரியும் இல்லாமல், அழுகையும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனாள். அடுத்த முறைக்குக் காத்திருந்த ஓர் இளம் தாய் மடியில் குழந்தையோடு பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவைக் காட்டி, "இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆகும்" என்றாள் பெரியவள். ஆத்திரத்தில் அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. "ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்கம்மா. இத்தனை வருஷமா அதைக் கேக்க ஊருல ஒரு நாதி இல்ல."

உள்ளே சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள்.